ஒரு தாள் கனம்

நேற்று முன்தினம் இரவு, கேமராவின் ஷட்டரை 60 விநாடி திறந்து வைத்து எடுத்த வானப் படத்தில் நட்சத்திரங்கள் முதன்முறையாக உருண்டையாக விழுந்தன. கேமராத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன், நான்கு மூலைக்கும் போய்ப் பார்த்தேன். உருண்டைதான். இந்த உருண்டைக்கு ஏழு மாதம் ஆகியிருக்கிறது. அதில் நான்கு மாதம் ஒரே ஒரு கோளாறைத் தேடுவதில் போனது. நான் சந்தேகப்பட்ட இடம் எதிலும் அது இல்லை. மறப்பதற்குள் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

தொடக்கத்தில் கையில் இருந்தவை மூன்று: பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா, 50 மி.மீ. லென்ஸ், ட்ரைபாட். ‘500 விதி’ என்று ஒன்று சொல்வார்கள். 500ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் வரும் விநாடி வரை நட்சத்திரம் கோடாக இழுபடாதாம். என் கேமராவின் சென்சார் சிறியது என்பதால் 50ஐ ஒன்றரையால் பெருக்கி வகுத்தேன். ஆறரை விநாடி வந்தது. எடுத்துப் பார்த்தால் எல்லாம் கோடு. அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வானம் விநாடிக்கு 15 ஆர்க் செகண்ட் நகர்கிறது. ஒரு டிகிரியை 3600 கூறு போட்டால் ஒரு கூறு ஒரு ஆர்க் செகண்ட். என் சென்சாரில் ஒரு பிக்சல் 3.9 மைக்ரான், 50 மி.மீ. லென்ஸில் ஒரு பிக்சலுக்குள் அடங்கும் வானம் சுமார் 16 ஆர்க் செகண்ட். அதாவது நட்சத்திரம் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு பிக்சல் ஓடுகிறது. ஆறரை விநாடிக்கு ஆறு பிக்சல் கோடு. சின்னதாக அச்சிட்டுச் சுவரில் மாட்டுகிறவர்களுக்கு அந்த விதி போதும், பெரிதாக்கிப் பார்க்கிற கெட்ட பழக்கம் உள்ளவர்களுக்குப் போதாது.

சரி என்று 2 விநாடிக்குக் குறைத்து, 200 படம் எடுத்து, கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினேன். ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் ஒரு நசுங்கிய பஞ்சுத் துண்டு போல வந்தது. 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருப்பது என் மொட்டைமாடியில் பஞ்சாக விழுந்ததே பெரிது என்று இரண்டு நாள் திரிந்தேன். மூன்றாம் நாள் ஆசை வந்துவிட்டது. 200 படத்தையும் சேர்த்தாலே மொத்தம் ஆறு நிமிடம் நாற்பது விநாடிதான் ஒளி. ஒரு மணி நேரம் வேண்டுமென்றால் 1,800 தடவை ஷட்டர் அடிக்க வேண்டும். கேமரா வானத்தோடு சேர்ந்து திரும்பியாக வேண்டும்.

அதற்கென்று விற்கிற மவுன்ட் (கேமராவைத் தாங்கித் திருப்பும் கருவி) என் கேமரா, லென்ஸ் இரண்டின் விலையையும் கூட்டினால் வருவதைவிட அதிகம். அதனால் பலகை டிராக்கர். 1975இல் ஜார்ஜ் ஹெய்க் என்பவர் எழுதிக் காட்டிய வழி இது. இரண்டு பலகை, நடுவில் ஒரு கீல். கீலின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். கீழ்ப் பலகையில் ஒரு மரைக் கம்பி. அது சுழன்று ஏறி மேல் பலகையைத் தள்ளும். மேல் பலகையில் கேமரா. பூமி ஒரு சுற்றுச் சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 விநாடி. எம்6 அளவு, அதாவது 6 மி.மீ. விட்டமுள்ள மரைக் கம்பியில் ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. ஏறும். நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று வைத்தால், கீலின் அச்சிலிருந்து கம்பி 228.6 மி.மீ. தள்ளி இருந்தால் பலகை திறக்கும் வேகமும் வானம் திரும்பும் வேகமும் ஒன்றாகிவிடும். கணிதம் அவ்வளவுதான்.

18 மி.மீ. ப்ளைவுட், 300க்கு 100 அளவில் இரண்டு துண்டு. முதலில் அலமாரிக்குப் போடும் சாதாரணக் கீல் இரண்டைப் போட்டேன். கையால் ஆட்டினால் கடகட என்றது. கழற்றிவிட்டு, அகலம் முழுக்க ஓடும் பியானோ கீல் போட்டேன். கீழ்ப் பலகையில் துளை போட்டு, கம்பி திருகி ஏறுவதற்குப் பல் வைத்த டி-நட்டை அடித்து இறக்கினேன். கம்பியைச் சுற்ற 28பிஒய்ஜே-48 என்ற குட்டி ஸ்டெப்பர் மோட்டார் (படிப்படியாக நகர்ந்து சுழல்வது), அதற்கு மின்சாரம் கொடுக்கும் யுஎல்என்2003 டிரைவர் பலகை, அதை இயக்க ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை. கம்பி ஏற ஏற மோட்டாரும் கூடவே ஏற வேண்டும் இல்லையா, அதற்கு ஒரு சின்ன டிராயர் சேனலைச் செங்குத்தாக நிறுத்தி அதில் மோட்டாரைத் திருகினேன். இந்த முழு வேலையிலும் நானாக யோசித்துச் செய்து, முதல் தடவையே சரியாக வந்தது அந்த டிராயர் சேனல் ஒன்றுதான். அதனால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

மோட்டார் விஷயத்தில் ஒரு சிறு கூத்து. ஒரு சுற்றுக்கு 4,096 அரைப்படி என்று எல்லாரும் எழுதுகிறார்கள். உள்ளே இருக்கும் பல்சக்கரங்களின் பல்லை எண்ணி வகுத்தால் கிட்டத்தட்ட 4,076தான் வரும். ஆக ஒரு படிக்கு 14.65 மில்லி விநாடி அல்ல, 14.72. அரை சதவீத வித்தியாசம். 60 விநாடிக்கு நாலரை ஆர்க் செகண்ட், பெரிய குற்றமில்லை. ஆனாலும் திருத்தினேன்.

50 மி.மீ. லென்ஸில் டிராக்கர் முதல் இரவே வேலை செய்தது. கீலோடு ஒட்டி ஒரு குளிர்பான உறிஞ்சுகுழாயைச் செலோடேப் போட்டு ஒட்டி, அதன் வழியே துருவ நட்சத்திரம் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தேன். 30 விநாடிப் படம் நன்றாகவே வந்தது. அந்த மிதப்பில் பழைய 135 மி.மீ. மேனுவல் லென்ஸ் ஒன்றை வாங்கினேன். அங்கே ஆரம்பித்தது.

135இல் ஒரு பிக்சலுக்கு 6 ஆர்க் செகண்ட்தான். 50இல் தெரியாத தப்பெல்லாம் இதில் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டும். 60 விநாடிப் படம் ஒவ்வொன்றிலும் நட்சத்திரம் குட்டைக் கோடாக இருந்தது. சும்மா கோடு இல்லை. இரண்டு முனையும் பளிச்சென்று, நடுவில் மங்கல். பளு தூக்குகிறவர்களின் டம்பெல் போல. இந்த வடிவத்தை அன்றைக்கே நான் மதித்திருக்க வேண்டும். ‘இழுபடுகிறது’ என்று மட்டும் எடுத்துக்கொண்டேன்.

முதல் சந்தேகம், 228.6. வெர்னியர் அளவி எடுத்து மறுபடி அளந்தால் 222! பலகையின் ஓரத்திலிருந்து அளந்திருக்கிறேன். கீலின் ஊசி இருப்பதோ பலகை ஓரத்தைத் தாண்டி உள்ளே. 6 மி.மீ. குறைந்தால் வேகம் 3 சதவீதம் கூடும்; 60 விநாடிக்கு 27 ஆர்க் செகண்ட், அதாவது நாலரை பிக்சல். இது நிஜமான தப்புதான். புதுத் துளை போட்டு டி-நட்டை மாற்றி அடித்தேன். கோடு ஒரு பக்கம் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை.

இரண்டாவது, துருவ நேர்ப்படுத்தல், அதாவது கீலின் அச்சை வான துருவத்துக்கு நேராக்குவது. 20 செ.மீ. நீளம், 6 மி.மீ. துளை உள்ள உறிஞ்சுகுழாய் வழியே தெரியும் வானம் ஒன்றே முக்கால் டிகிரி. அதற்குள் துருவ நட்சத்திரம் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். போதாததற்கு, துருவ நட்சத்திரமே உண்மையான துருவத்திலிருந்து முக்கால் டிகிரிக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளி நிற்கிறது. ஒரு டிகிரி பிசகினால் நிமிடத்துக்கு 16 ஆர்க் செகண்ட் வரை நகர்வு. ஆகவே உறிஞ்சுகுழாயை நம்புவதை விட்டுவிட்டு நகர்வை வைத்தே நேர்ப்படுத்தினேன்: உச்சி வட்டத்தை (வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்கே போகும் கோடு) ஒட்டி, வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் போகும் கோடு) பக்கத்தில் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து, அது வடக்கே தெற்கே நகர்வது நிற்கும் வரை அடித்தட்டை இடம் வலமாகத் திருப்புவது; அடுத்து கிழக்கே தாழ்வாக இன்னொன்றைப் பிடித்து, நகர்வு நிற்கும் வரை சாய்வை மாற்றுவது. முதல் தடவை இரண்டு மணி நேரம் ஆயிற்று. டம்பெல் அப்படியே இருந்தது.

மூன்றாவது, மோட்டார். விலை சொற்பம்தானே என்று இன்னொன்று வாங்கி மாற்றினேன். அதே டம்பெல். நான்காவது, கேமராவின் உள்கண்ணாடி அடிக்கும் அதிர்வு. கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி வைத்து எடுத்தேன். அதே டம்பெல்.

ஐந்தாவதுதான் பெரிய செலவு. அதுவரை மொட்டைமாடியில் ட்ரைபாடை வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். மாடியில் யாராவது நடந்தால் திரையில் நட்சத்திரம் துள்ளும். அதை என் கண்ணாலேயே பார்த்தேன். ஆகா, பிடித்துவிட்டேன் என்று நினைத்து, தோட்டத்தில் கான்கிரீட் தூண் போட முடிவு செய்தேன். 40 செ.மீ. சதுரம், 60 செ.மீ. ஆழக் குழி. அதில் கான்கிரீட் கொட்டி, மேலே 160 மி.மீ. பிவிசி குழாயை நிறுத்தி, ரசமட்டம் பிடித்து, உள்ளே கம்பி கட்டி, ஒரு மீட்டர் உயரத்துக்கு நிரப்பினேன். சிமென்ட், மணல், ஜல்லி 1:2:4. உச்சியில் மூன்று எம்10 போல்ட், அடிப்பக்கம் வளைத்துப் புதைத்தது. மொத்த எடை கால் டன்னுக்கு மேல் வரும். அதன்மேல் உட்காரப் போவது ஒன்றரைக் கிலோ. “யாருக்கு நினைவுத் தூண்?” என்று வீட்டில் கேட்டார்கள். பதில் சொல்லவில்லை.

இங்கேயும் ஒரு அவசரம். போல்ட்கள் நகராமல் இருக்க மேலே ஒரு துளையிட்ட ப்ளைவுட் தட்டை மாட்டியிருந்தேன். கான்கிரீட் இறுகிவிட்டது என்று அன்று மாலையே அதைக் கழற்றினேன். காலையில் பார்த்தால் ஒரு போல்ட் 3 மி.மீ. சாய்ந்து கெட்டியாகிவிட்டது. மேல் தகட்டின் துளையை அரத்தால் நீளவட்டமாக ராவித்தான் பொருத்த முடிந்தது. தட்டை மறுநாள் வரைக்கும் தொடாமல் இருந்திருந்தால் அரை நாள் மிச்சம். ஏழு நாள் தண்ணீர் ஊற்றி, ஈரச் சாக்கு சுற்றி வைத்து, எட்டாம் நாள் டிராக்கரை ஏற்றினேன். தூணைக் கையால் தட்டினாலும் நட்சத்திரம் அசையவில்லை. அவ்வளவு உறுதி. 60 விநாடி திறந்தேன்.

டம்பெல். அச்சு அசல் அதே நீளம், 15 பிக்சல்.

அன்றைக்கு வெறுத்துப்போய் 15 விநாடிக்கு இறங்கினேன். ஒவ்வொரு படத்துக்கும் நடுவே ஒரு விநாடி இடைவெளி. 15 விநாடியில் சில படங்கள் நன்றாக வந்தன, சில இழுத்தன. நல்லதை வைத்துக்கொண்டு கெட்டதை அழிப்பது என்று ஏழெட்டு இரவு ஓட்டினேன். பாதிக்குப் பாதி போகிறதே என்ற வருத்தம்தானே தவிர, ஏன் பாதி என்று கேட்கத் தோன்றவில்லை. ஒருநாள் அழித்து முடித்துவிட்டு மிச்சமிருந்த கோப்புகளின் பெயர்ப் பட்டியலை ஏதோ காரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். 0412, 0414, 0416, 0418... எல்லாம் இரட்டைப்படை. கீழே போகப் போக இரண்டு மூன்று படம் கலவையாக, அப்புறம் 0429, 0431, 0433 என்று எல்லாம் ஒற்றைப்படை. இன்னும் கீழே மறுபடி இரட்டைப்படை.

காற்றோ நடையோ இரட்டைப்படை பார்த்து ஆட்டாது. ஒன்று விட்டு ஒன்று கெடுகிறது என்றால், ஏதோ ஒன்று 30 விநாடி போவதும் 30 விநாடி வருவதுமாக ஆடுகிறது. 16 விநாடிக்கு ஒரு படம் என்பதால் வரிசை மெதுவாக நழுவி, பதினைந்து படத்துக்கு ஒருமுறை இரட்டை ஒற்றையாக மாறுகிறது. போகவர மொத்தம் 60 விநாடி. என் டிராக்கரில் நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றுவது கம்பி மட்டும்தான். 60 விநாடிப் படங்கள் எல்லாமே ஒரே மாதிரி கெட்டதற்கும் காரணம் அதுவே: ஒவ்வொரு படத்திலும் சரியாக ஒரு முழுச் சுற்று அடங்கிவிட்டது. டம்பெல்லின் முனைகள் பளிச்சென்று இருந்ததற்கும் அதுவே காரணம்; ஊஞ்சல் இரண்டு எல்லையிலும்தானே தயங்கி நிற்கும்.

நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரு பழைய தந்திரம் உண்டு. துருவ நேர்ப்பை வேண்டுமென்றே கெடுக்க வேண்டும். இரண்டு மணி நேரம் பாடுபட்டு நேராக்கியதைக் கெடுக்கக் கை வரவில்லை. தகட்டில் பென்சிலால் அடையாளக் கோடு போட்டுக்கொண்டு, நாலைந்து டிகிரி கிழக்கே திருப்பினேன். ஓரியனின் இடைவார் மூன்று நட்சத்திரங்களும் வான நடுக்கோட்டை ஒட்டியே இருப்பவை. அவை உச்சி வட்டத்துக்கு வந்த நேரம் பார்த்து, ஐஎஸ்ஓவை, அதாவது ஒளி உணர்திறனை, 200க்கு இறக்கி, 5 நிமிடம் திறந்து வைத்தேன். துருவம் பிசகியதால் நட்சத்திரம் வடக்கு தெற்காக மெல்ல நகரும். கம்பியின் கோளாறு அதைக் கிழக்கு மேற்காக ஆட்டும். இரண்டும் சேர்ந்தால் அது தானே ஒரு வரைபடம் போட்டுக் காட்டும். காட்டியது. மூன்று நட்சத்திரமும் பக்கத்துப் பக்கத்தில் மூன்று அலைகளை எழுதியிருந்தன. எண்ணினேன்: ஐந்து நிமிடம், ஐந்து முகடு. முகட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே 15 பிக்சல்.

15 பிக்சலை ஆறால் பெருக்கினால் 90 ஆர்க் செகண்ட். 228.6 மி.மீ. தொலைவில் 90 ஆர்க் செகண்ட் என்றால் எவ்வளவு உயரம்? 0.1 மி.மீ. ஒரு வெள்ளைத் தாளின் கனம். கம்பி ஒவ்வொரு சுற்றிலும் மேல் பலகையை ஒரு தாள் கனம் கூடவும் குறையவும் தள்ளுகிறது.

கம்பி வளைந்திருக்கும் என்று கண்ணாடி மேசையில் உருட்டிப் பார்த்தேன். நேராகத்தான் உருண்டது. பிறகு அதன் முனையைக் கண்ணருகே கொண்டுபோனேன். மீட்டர் கம்பியிலிருந்து ஹேக்சாவால் நான் அறுத்த முனை அது. அறுத்த கோடுகள் அப்படியே இருந்தன, ஒரு பக்கம் பிசிறு. வெர்னியரின் தாடையை ஓரமாக வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது, ஒரு பக்கம் மயிரிழை வெளிச்சம் கசிந்தது. சாய்வாக அறுத்திருக்கிறேன். 6 மி.மீ. விட்டமுள்ள கம்பியில் வெட்டு ஒரே ஒரு டிகிரி சாய்ந்தாலும் ஒரு விளிம்புக்கும் மறு விளிம்புக்கும் 0.1 மி.மீ. வித்தியாசம் வந்துவிடும். மேல் பலகை சற்றே சாய்ந்து திறந்திருப்பதால் கம்பியின் கீல் பக்க விளிம்பு மட்டும்தான் அதைத் தொடும். கம்பி சுழலும்போது உயர்ந்த விளிம்பு ஒரு தடவை, தாழ்ந்த விளிம்பு ஒரு தடவை அந்த இடத்துக்கு வந்துபோகும். அவ்வளவுதான் கோளாறு. நான் இரண்டு மோட்டாரும் கால் டன் கான்கிரீட்டும் போட்டது இந்த அரத்தால் ராவாத முனைக்காக.

சரிசெய்ய இருபது நிமிடம் ஆயிற்று. முனையில் ஒரு குமிழ் நட்டை இறுகத் திருகினேன். தலை அரைக்கோளமாக இருக்குமே, அது. மேல் பலகையின் அடியில் அது உரசும் இடத்தில் ப்ளைவுட்டுக்குப் பதில் ஒரு எஃகுத் தகட்டுத் துண்டை ஒட்டி, ஒரு சொட்டு கிரீஸ். மரத்தில் ஏற்கெனவே வளையமாக ஒரு தடம் விழுந்திருந்தது. அதையும் நான் இதுநாள் வரை பார்க்கவில்லை. மறுபடி துருவத்தைக் கெடுத்து ஐந்து நிமிடப் படம் எடுத்தேன். அலை 2 பிக்சலுக்குச் சுருங்கிவிட்டது. பென்சில் கோட்டுக்குத் திரும்பி வந்து நேர்ப்படுத்த பத்து நிமிடம் பிடித்தது. தூண் போட்டதற்கு அந்தப் பென்சில் கோடுதான் லாபம். ட்ரைபாடாக இருந்திருந்தால் ஒவ்வொரு இரவும் முதலிலிருந்து தொடங்கியிருப்பேன். தப்பான காரணத்துக்குப் போட்ட தூண் என்றாலும், இப்போது அதில்லாமல் முடியாது.

அலை அடங்கியதும் அடுத்தடுத்து மற்ற குறைகள் வெளியே வந்தன. முதலில் குவியம். லென்ஸின் முடிவிலிக் குறி முடிவிலி அல்ல. குறிக்குச் சற்று முன்பே இருக்கிறது. திரையில் 10 மடங்கு பெரிதாக்கி ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பார்த்துத் திருகலாம்தான், ஆனால் கண் ஏமாற்றும். பாவெல் பாக்தினோவ் 2005இல் கொடுத்த கீற்று முகமூடி இதற்கு அருமையான கருவி. லென்ஸ் முன்னால் வைத்தால் நட்சத்திரத்தைச் சுற்றி மூன்று கதிர். நடுக் கதிர் மற்ற இரண்டின் சரிநடுவே நின்றால் குவியம் சரி. கறுப்பு அட்டையில் பிளேடால் 1 மி.மீ. கீற்றுகளை வெட்டப் பார்த்துப் பிசிறாகிப்போனது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் லேசர் பிரின்டரில் அச்சடித்து வைத்தேன். போதுமான அளவுக்குக் கதிர் தெரிகிறது. குவியம் பிடித்தவுடன் வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிட வேண்டும்.

அப்புறம் பனி. நாற்பது நிமிடத்தில் லென்ஸ் மூச்சு விட்ட கண்ணாடி போல மங்கிவிடும். சூடுபட்டை செய்தேன்: 12 வோல்ட்டுக்கு 330 ஓம் ரெசிஸ்டர் பத்து, இணைச் சுற்றில், துணி நாடாவில் தைத்து லென்ஸைச் சுற்றிக் கட்டினேன். கால் வாட் ரெசிஸ்டர்கள். ஒவ்வொன்றும் எரிப்பது 0.44 வாட் என்று கணக்குப் போட வேண்டியதை இணைத்த பிறகு போட்டேன். வாசனை முதலில் வந்தது, கணக்கு பிறகு வந்தது. இரண்டு கருகிவிட்டன; லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது 560 ஓம், அரை வாட் வகை. ஒவ்வொன்றும் 0.26 வாட், மொத்தம் 2.6. கை வைத்தால் வெதுவெதுப்புத்தான், பனி கட்டுவதில்லை. ஒன்றே ஒன்று: பட்டையைப் போட்டு இருபது நிமிடம் கழித்துத்தான் குவியம் பிடிக்க வேண்டும். லென்ஸ் சூடேறினால் குவியம் நகர்ந்துவிடுகிறது.

நேர்க்கம்பி டிராக்கருக்குப் பிறவிக் குறை ஒன்று உண்டு. பலகை திறக்கத் திறக்க வேகம் குறையும். 20 நிமிடம் வரை என் லென்ஸில் அந்தப் பின்தங்கல் நிமிடத்துக்கு ஒரு பிக்சலுக்குச் சற்று மேல். 30 நிமிடத்தில் இரண்டரை பிக்சல். கம்பியை வளைத்துச் சரிசெய்யலாம் என்பார்கள். நான் 20 படம் எடுத்ததும் கம்பியைப் பின்னால் சுற்றிவிட்டு மறுபடி தொடங்குகிறேன். மூன்று சுற்றுக்கு 60 படம். ஒவ்வொரு தடவையும் சட்டகம் கொஞ்சம் விலகிப்போகும். அது நல்லதுதான், சென்சாரின் நிலையான கறைகள் ஒரே இடத்தில் குவியாமல் சிதறிப்போகின்றன.

அடுக்குவதற்கு சிரில் என்ற இலவச மென்பொருள். 64 படம் அடுக்கினால் இரைச்சல் (படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள்) எட்டில் ஒரு பங்காகும், வர்க்கமூலக் கணக்கு. டார்க் படங்களை, அதாவது மூடி போட்டு எடுப்பவற்றை, முதலில் சோம்பலில் மறுநாள் மதியம் எடுத்தேன். மதியச் சூட்டில் சென்சாரின் பொட்டுகள் இரவைவிட அதிகம். கழித்துப் பார்த்தால் படம் முழுக்கக் கறுப்பு ஊசித் துளை. இப்போது அன்றைய இரவே, முடிக்கும் முன் மூடியைப் போட்டு 20 எடுத்துவிடுகிறேன். பிளாட் படங்களுக்கு, அதாவது லென்ஸின் ஓர மங்கலைச் சரிசெய்ய எடுப்பவற்றுக்கு, லென்ஸ் மேல் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, டேப்லெட் திரையின் வெள்ளை வெளிச்சம். குவிய வளையத்தைத் தொடக் கூடாது.

நேற்று முன்தினம் எடுத்தது கேட்டை நட்சத்திரத்தைச் சுற்றிய பகுதி. ஐஎஸ்ஓ 1600, லென்ஸ் துளை எஃப்/4, 60 விநாடி, 60 படம். கேட்டையைச் சுற்றி மஞ்சள் புகை, சற்றுத் தள்ளி மங்கலான நீலம், பக்கத்திலேயே எம்4 என்ற கோள வடிவ நட்சத்திரக் கொத்து உப்பைச் சிந்தியது போல. சிவப்பு சரியாக வரவில்லை. ஹைட்ரஜன் உமிழும் 656 நானோமீட்டர் ஒளியின் பெரும்பகுதியைக் கேமராவுக்குள் இருக்கும் வடிகட்டி தடுத்துவிடுகிறது. அதைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இன்னும் அந்தத் தைரியம் வரவில்லை.

தூணுக்கு மூடி, பாதியாக அறுத்த பிளாஸ்டிக் டிரம். கவிழ்த்து வைத்தால் மழை இறங்காது. முதல் மாதம் உள்ளே ஈரம் தேங்கி டிராயர் சேனலில் துரு பிடித்தது. பக்கவாட்டில் எட்டுத் துளை போட்டு வலை ஒட்டினேன். ஈரம் போயிற்று, எறும்பு வந்தது. மோட்டார் பெட்டிக்குள் முட்டை வைத்துக் குடும்பம் நடத்தின. இப்போது தூணைச் சுற்றி ஒரு கிரீஸ் வளையம் பூசியிருக்கிறேன்.

செலவு என்று பார்த்தால், பலகை, கீல், கம்பி, ஆர்டுயினோ, இரண்டு மோட்டார் எல்லாம் சேர்த்து அந்தப் பழைய 135 லென்ஸின் விலையில் கால்வாசிகூட ஆகவில்லை. தூணுக்கு ஆனது டிராக்கரைப் போல மூன்று பங்கு. குமிழ் நட்டுக்கு ஆனதைச் சொல்லாமல் விடுகிறேன்.

மறுபடி கட்டுவதாக இருந்தால் கம்பியை 228.6இல் வைக்க மாட்டேன். இரட்டிப்பாக்கி 457 மி.மீ. தள்ளி வைத்து, மோட்டாரை நிமிடத்துக்கு இரண்டு சுற்று ஓட்டுவேன். முனையில் அதே பிழை இருந்தாலும் வானத்தில் பாதியாகத் தெரியும். அடுத்து 200 மி.மீ. லென்ஸ் போட ஆசை. அதில் ஒரு பிக்சலுக்கு 4 ஆர்க் செகண்ட். இப்போது மிஞ்சியிருக்கும் 12 ஆர்க் செகண்ட் அலை அதில் 3 பிக்சலாகத் தெரியும், நீளப் பலகையில் ஒன்றரை. அளந்து, இந்த முறை கீலின் ஊசியிலிருந்து அளந்து, பலகையை அறுத்து வைத்துவிட்டேன். கீல் இன்னும் வாங்கவில்லை.